குளிர் என்று நினைத்த நடுக்கம்

அண்ணனின் இந்த நினைவு மலரை வாசலில் வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். நினைவு மலரில் குடியைப் பற்றி எழுதுவார்களா என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. அண்ணன் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார்.

அண்ணன் கொடைக்கானல் மலையில் இருக்கும் மன்னவனூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பூண்டு வயலில் இறங்கினார். என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். மழையில் மூட்டை சுமந்த உடம்புக்குச் சூடு வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் குடி. பிறகு காலையில் கொஞ்சம் ஊற்றாமல் டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனது. கை அப்படி நடுங்கும். எங்கள் ஊரில் காலையில் யாருக்குத்தான் கை நடுங்காது? குளிர் என்றே நினைத்தோம். அண்ணன் மனைவி, என் மதினி, கம்பளி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒரு வருடம் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டார். குடியை ஒரேயடியாக நிறுத்தினார். வீடே பூரித்துப் போனது. இரண்டொரு நாளில் உடம்பெல்லாம் உதறியது, வேர்த்துக் கொட்டியது. வயலில் யாரோ நிற்கிறார்கள் என்று இல்லாத ஆட்களை விரட்டினார். சாமி வந்திருக்கிறது என்று விபூதி பூசி, காலில் விழுந்து குறி கேட்டோம். அண்ணனோ வலிப்பு வந்து விழுந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜீப்பில் தூக்கிப்போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

"இது சாமியும் இல்ல, குளிரும் இல்லம்மா. தினமும் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும். மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்" என்றார் டாக்டரம்மா.

அங்கே உடம்பு தேறியதும் மலைக்குக் கீழே மறுவாழ்வு மையத்தில் தங்கி வைத்தியம் செய்துகொண்டார். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டு, முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு அறைக்குள்ளேயே கிடந்தார். மதினி திட்டவில்லை. "நோய் திரும்பிருச்சு, மருந்துக்குப் போவோம், கெளம்புங்க" என்றார்கள். அதன் பிறகு அண்ணன் தொடவே இல்லை. விடிந்ததும் டீக்கடைக்குப் போய் ஆட்களின் கைகளைத்தான் பார்ப்பார். "ஏலே, குளிர்னு எங்கிட்டயே சொல்லாதே. நீயா நிறுத்திப்புடாதே, நாளைக்கு வெள்ளனே ஜீப்புல டாக்டரம்மாட்ட போவோம்" என்பார். எத்தனை பேர் வாயில் வசவு வாங்கினாரோ!

கடைசியில் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியது. வலிக்கு மார்ஃபின் எழுதினார்கள். அண்ணன் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். "போதை மருந்தாம்ல தாயி. தெளிஞ்ச மனுசனாத்தான் போவேன்" என்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, வெளியே போய் அழுதேன். அதே டாக்டரம்மா வீடு தேடி வந்தார். "போதைக்குத் தேடிப்போறது வேற, வலிக்கு அளவா எடுக்கிறது வேற. உங்க பழைய கதை எனக்குத் தெரியும்ல? மருந்தை உங்க வீட்டம்மா கையில குடுக்குறேன், அளவை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அண்ணன் மதினியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். தூங்கி எழுந்து கஞ்சி கேட்டார், எங்களோடு பேசினார், என் பேரனைக் கொஞ்சினார். தெளிவாகத்தான் போனார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "குழி வெட்டுறவங்களுக்குப் பாட்டில் வாங்கிக் குடுக்காதே, தாயி." ஊர் வழக்கத்தை மீறுவது லேசில்லை, முணுமுணுப்பும் இருந்தது. ஆனாலும் கொட்டும் மழையில் சுக்குக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுக் குழி வெட்டிய தம்பிகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஜீப் ஓட்டியவருக்கும் டாக்டரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தத் தம்பிகளில் ஒருவர் கையில், சூடான காப்பி குடித்த பிறகும் டம்ளர் ஆடிக்கொண்டே இருந்தது. மதினி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய், "காலையிலயும் இப்படித்தான் நடுங்குதா தம்பி?" என்று கேட்டார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆமாம் என்றார். காரியம் முடிந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் மறுபடி கொடைக்கானலுக்குப் போனது.

அவர் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன். இன்று வாசலில் நின்று உங்கள் ஒவ்வொருவரிடமும் இந்த மலரைக் கொடுத்தவர் அவர்தான். இன்றும் நல்ல குளிராகத்தான் இருக்கும். அவர் கை நடுங்கியிருக்காது.