உறங்கியவருக்குப் பூசிய எண்ணெய்

இது நடந்தது 2014 தவக்காலத்துக்கு முந்தின மாதம் என்று நினைவு. குளச்சலுக்குப் பக்கத்தில், அலைச்சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும் கடற்கரை ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். இரவு போனால் விடிந்து கரைக்கு வருவார். மீனை ஏலம் விட்டு, குளித்து, கஞ்சி குடித்துவிட்டு மதியம் படுப்பார். ஆக எங்கள் வீட்டில் ராத்திரி என்பது உச்சிவெயிலில்தான் தொடங்கும்.

அவர் குறட்டை ஊரறிந்தது. "இன்ஜின் ஸ்டார்ட் ஆயிட்டு" என்று பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் நடுவில் அது சட்டென்று நின்றுபோவது எனக்கு மட்டும்தான் தெரியும். மூச்சே இருக்காது. நான் அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வெளியே ஓர் அலை வந்து போகும். இன்னொன்றும் வந்து போகும். பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு திணறல், மூச்சு திரும்பி வரும். கல்யாணமானது முதல் மதியமெல்லாம் எனக்கு இதுதான் வேலை. இரவிலோ, அவர் கடலில் கிடக்கிறாரே என்ற கவலையில் உறக்கம் வராது. அதனால் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கம் தொடங்கியதும் எனக்குக் கண் சொக்கிவிடும். கோயிலில் உறங்குகிறவள் என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு.

அவரிடம் இதைச் சொன்னதில்லை. ஆண்கள் எல்லோரும் இப்படித்தான் உறங்குவார்கள் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் விடியற்காலையில் கரைக்குத் திரும்பும்போது, வள்ளத்தைத் திருப்புகிற இன்ஜின் கம்பியைப் பிடித்தபடியே உறங்கிவிட்டார். வள்ளம் பாறைப்பக்கம் திரும்பிவிட்டது. கூட வந்த கூட்டாளி பாய்ந்து திருப்பாவிட்டால் இரண்டு பேரும் இல்லை. டாக்டரைப் பார்க்காமல் இனி உன்கூட வள்ளத்தில் ஏற மாட்டேன் என்று கூட்டாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் தலையிலும் நெஞ்சிலும் வயரை ஒட்டி, ஓர் இரவு உறங்கவைத்துப் பார்த்தார்கள். உறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்றார் டாக்டர். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷின் ஒன்றும், குழாய் வைத்த மாஸ்க்கும் கொடுத்தார்கள். எப்போது உறங்கினாலும் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோயாளி என்று பேரெடுக்க அவருக்கு வெட்கம்.

முதல் நாள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அவர் உறங்கியபோது வீடே வேறு யாருடைய வீடோ போல இருந்தது. குறட்டை இல்லை. திணறல் இல்லை. ஓட்டுக் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் சுவரில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே எங்கோ மிதப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் சில நாள் காவல் இருந்துவிட்டு, ஒரு மதியம்தான் துணிந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது எங்கள் வாசலில் கூட்டம். பெண்கள் கையில் ஜெபமாலையோடு முழங்காலில் நின்றார்கள். உள்ளேயிருந்து, "சூசையப்பரே, இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கேட்டது. சாகக் கிடப்பவர்களுக்குச் சொல்லும் ஜெபம் அது.

குடம் எங்கே விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் பக்கத்தில் இல்லாமல் போனேனே, அதற்குள் போய்விட்டாரே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். வெயில், சனம், ஜெபம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது.

உள்ளே சாமியார் குனிந்து, என் வீட்டுக்காரர் நெற்றியில் எண்ணெயால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

விஷயம் இதுதான். என் மைனி, அவருடைய அக்கா, மீன்குழம்பு கொண்டு வந்திருக்கிறார். தம்பி முகத்தில் மாஸ்க், பக்கத்தில் மெஷின். எங்கள் ஊரில் மாஸ்க் மாட்டிய ஆளைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். மைனி குழம்பை வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடி, அவஸ்தை என்கிற கடைசி எண்ணெய் பூசச் சாமியாரைக் கூட்டிவந்துவிட்டார். கண் விழித்த என் வீட்டுக்காரர் மாஸ்க்கைக் கழற்றப் போக, "கழத்தாத மக்கா, கழத்தாத" என்று மைனி அழுதுகொண்டே அதைத் திரும்ப அழுத்தினார்.

அவர் ஒருவழியாக அதை விலக்கிவிட்டு, "நான் உறங்குதேன் அக்கா. சாகல்ல" என்றார்.

சாமியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. நோயாளிகளுக்கும் இதைப் பூசலாம், தப்பில்லை என்று சொல்லி ஜெபத்தை முடித்துவிட்டே போனார். நான் சுவரோரம் உட்கார்ந்து, சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் குலுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடற்கரை முழுக்க அதே பேச்சு. செத்துப் பிழைத்தவன் வாறான் என்று கேலி. வீட்டுக்கு வந்தவர் மெஷினைப் பைக்குள் திணித்துப் பரணில் போட்டுவிட்டுப் படுத்தார். குறட்டை தொடங்கியது. நின்றது. நான் நெஞ்சில் கையை வைத்தேன். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை, உலுக்கி எழுப்பினேன்.

"நீங்க மூச்சு விட மறந்துருவிய. அது திரும்பி வாற வரைக்கும் நான் கைய வச்சுக்கிட்டு இருப்பேன். இத்தன வருசமும் அப்படித்தான். நேத்து வாசல்ல கூட்டத்தப் பாத்தப்போ நீங்க போயிட்டியன்னே நெனச்சேன். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். எனக்கு முடியல."

அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "நீ உறங்கவே மாட்டியா?" என்று கேட்டார். எழுந்து போய்ப் பரணிலிருந்து மெஷினை அவரே இறக்கினார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பேச முடியாததால், பக்கத்துப் பாயைக் கையால் தட்டிக் காட்டினார். படுத்தேன்.

அன்று, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கனவு வந்தது. பெரிதாக ஒன்றும் நடக்காத கனவு. கடல் அலையில்லாமல் கிடக்கிறது, நானும் அவரும் ஈரமணலில் நடக்கிறோம், எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை, அவ்வளவுதான். கண் விழித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. அவர் எனக்கு முன்பே எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்து நின்ற மைனியிடம், "அவ உறங்குதா, பைய பேசு" என்று மெல்லச் சொல்வது கேட்டது. நான் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் நிம்மதியாக மூச்சு விடுவதும், அதை நம்பி நாம் கண்ணை மூட முடிவதும் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்றுதான் தெரிந்தது. இன்றும் படுத்ததும் அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்குகிறேன், சொல்லி முடிப்பதற்குள் உறங்கிவிடுகிறேன்.