நெடுந்தோப்புக்கு வழி சொன்னவன்

ஞானமுத்து சார் இறந்துவிட்டார் என்று தபால்காரர் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அவரைத் தூரத்தில் கண்டதும் வேறு தெருவில் திரும்ப வேண்டியதில்லை.

நாங்கள் பழகியது, புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்களில். எங்கள் பள்ளியில் அவர் வரலாறு, நான் தமிழ். பழைய பதிவேடுகளில் இருந்து, இன்று யாருக்கும் தெரியாத ஊர்ப்பெயர்களை எடுத்து இடம் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உலகம். மாப்பிள்ளையூரணிக்கு அந்தப் பெயர் வந்த கதையை நான் ஒருமுறை பள்ளி வரலாற்று மன்றத்தில் வாசித்தேன். கல்யாணம், கண்ணீர் எல்லாம் வைத்திருந்தேன்.

"இதை உமக்கு யாருவே சொன்னது?" என்றார்.

"தகவல் தந்தவன் பேரைப் போடாம ஒரு வரி எழுதப்பிடாது. எழுதினா அதுக்குப் பேரு புளுகு."

மன்றமே சிரித்தது. நான் அதை மறக்கவில்லை.

அவர் அப்போது தேடிக்கொண்டிருந்த பெயர் நெடுந்தோப்பு. பழைய முத்துக்குளிப்புப் பதிவேடு ஒன்றில், 'நெடுந்தோப்புக்குப் போன தோணிகள்' என்று ஒரே ஒரு வரி. அதைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். "கொற்கை ஒருகாலத்துல துறைமுகம். இன்னைக்கு வயக்காட்டுக்குள்ள கெடக்கு. இதுவும் அப்படித்தான் எங்கனயாவது கெடக்கும்" என்பார். கடற்கரை ஆட்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றால், "வயலுக்குள்ள கெடக்க ஊரைக் கடல்ல போயித் தேடச் சொல்லுதீரே" என்று கிண்டல் செய்வார்.

நான் கேட்டேன். முத்துக்குளித்து ஓய்ந்திருந்த அந்தோணி ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "அது ஊரு இல்ல சார், கடலுக்கடியில சிப்பி வெளையுற பாறைத்திட்டு, பாருன்னு சொல்லுவோம். எங்கப்பா அங்கன முங்கியிருக்காரு."

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் மற்ற எல்லோரிடமும் சொன்னேன். திங்கள்தோறும், "சார், நெடுந்தோப்பு கிட்ட வந்துட்டா?" என்று கேட்போம். அவர் வரைபடத்தை விரித்து முழு அக்கறையோடு விளக்குவார். நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்போம். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

அதுவும் எனக்குப் போதவில்லை. கொற்கைக்கு மேற்கே ஒரு வாழைத்தோட்டத்தை நெடுந்தோப்பு என்று யாரோ பெரியவர் சொல்லுகிறாராம், உள்ளே பழைய கிணறு இருக்கிறதாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். கார்த்திகை மழையில் போனார். வாய்க்கால் கரையில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"கெணறு இருக்குவே!" என்றார், கட்டுப்போட்ட காலோடு. "கட்டுரையில உம்ம பேரைப் போட்டுட்டேன்."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன்.

எலும்பு கூடியதும், நொண்டியபடி மன்றத்துக்கு வந்து அந்தக் கட்டுரையை வாசித்தார். தகவல் தந்து உதவியவர் என்று என் பெயரைச் சொன்னதும் நான் எழுந்து, பின்வரிசையில் உட்கார வைத்திருந்த அந்தோணியைப் பேசச் சொன்னேன். அவர் பேசி முடித்தபோது மாணவர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சார் மேடையிலிருந்து இறங்கி அந்தோணியிடம் போனார். கரையிலிருந்து எந்தத் திசை, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உமக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருஷமா."

"அப்ப அந்த வாழைத்தோட்டம்?"

அவரே புரிந்துகொண்டார். தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடக்கத்தன்று அவர் மகள் என்னிடம் ஓர் உறையை நீட்டினாள். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க." அதே கட்டுரை. பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார். 'நெடுந்தோப்பு ஊர் அல்ல, கடலடிப் பார். தகவல் தந்தவர்: அந்தோணி. உண்மை.' வாழைத்தோட்டம் வரும் பக்கத்தில் என் முழுப்பெயர். பக்கத்தில் ஒரே சொல்: 'பொய்.' திட்டி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவைதான். சார், இந்த அஞ்சலிக்குத் தகவல் தந்தவன் பொன்னுச்சாமி, தமிழாசிரியர். இதில் புளுகு இல்லை.