அம்மா இடித்த ஃபுஃபு

என் அம்மா கிழமையில் ஆறு நாளும் பணக்கார வீடுகளில் நிலம் துடைத்து, "சீ, சிஞ்ஞோரா", ஓம் அம்மணி, என்று தலையாட்டுகிறவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு கவனமாக இருக்க வேண்டும்.

அப்போது இத்தாலியில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கீழ்வீட்டில் கானா நாட்டு அன்ரி இருந்தார். ஞாயிறு தோறும் அவித்த மரவள்ளியையும் வாழைக்காயையும் முற்றத்து உரலில் போட்டு, ஆளுயர உலக்கையால் இடித்து ஃபுஃபு செய்வார். உலக்கை மேலே போய் வருவதற்குள் அவருடைய தங்கை கையை விட்டு அதைப் புரட்டிவிடுவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

மேல்மாடிச் சிஞ்ஞோராவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவர் முறையிட, வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இன்னொரு முறை இடித்தால் வீட்டைவிட்டு எழும்ப வேண்டும் என்று அன்ரியிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீடும் அவருடையதுதான்.

அடுத்த ஞாயிறு அன்ரி மரவள்ளியைக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அம்மா எட்டிப் பார்த்தார்.

"இதென்ன கோதாரி! பச்சைப்பிள்ளைக்குத் தீத்தவோ? உரலை எடும். இண்டைக்கு நான் இடிக்கிறன்."

நான் அதை இத்தாலிய மொழியில் சொல்ல, அன்ரி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா அதற்குள் உரலை முற்றத்தின் நடுவே உருட்டி வந்துவிட்டார்.

அரிசிமா இடித்துப் பழகிய கை. அம்மா கை மாற்றி மாற்றிப் போட்ட போடில், புரட்டிக்கொண்டிருந்த அன்ரியின் விரல்கள் இரண்டு தடவை மயிரிழையில் தப்பின. எல்லாம் பந்தாகத் திரண்டதும் அம்மா என்னிடம், "ஓடிப்போய் அரிதட்டை எடுத்துக்கொண்டு வா" என்றார். மா இடித்தால் சலித்து அரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அரிதட்டையும் அந்தப் பசையையும் மாறி மாறிப் பார்த்த அன்ரி, உரலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். யார் இடித்தது என்று கேட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் இடிச்சனான் எண்டு சொல்லு பிள்ளை. வாற ஞாயிறும் இடிப்பன் எண்டும் சொல்லு."

அம்மா மன்னிப்புக் கேட்கிறார் என்று நான் இத்தாலிய மொழியில் சொன்னேன். அவ்வளவு இத்தாலியன் அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்தது என் மடைத்தனம். அம்மா உலக்கையை நிலத்தில் ஓங்கி ஊன்றி, நெஞ்சில் கை வைத்து, "நோ! இயோ!" என்றார். இல்லை, நான்தான். ஆறு நாளும் தலையாட்டுகிற அம்மாவா இது என்று எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் எங்களை எழும்பச் சொல்ல, அடுத்த மாதம் சாமான்களைக் கட்டிக்கொண்டு நகரத்தின் ஓரத்திலிருந்த பிரான்காச்சோவுக்குப் போனோம். அன்ரி அங்கேயே இருந்தார். ஞாயிறு தோறும் மரவள்ளியும் உரலுமாக எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார். எனக்குப் பள்ளிக்கூடம் போயிற்று, சினேகிதிகள் போனார்கள். யாரோ தின்கிற சாப்பாட்டுக்கு நாங்கள் ஏன் எழும்ப வேண்டும் என்று நான் அம்மாவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அம்மாவும் விளக்கம் சொல்லவில்லை.

அம்மா இடித்த அந்த மாதம்தான் அன்ரி தன் பெர்மெசோவைப் புதுப்பிக்க இருந்தார். விலாசம் இல்லாதவருக்கு அந்த வதிவிட அனுமதி கிடைப்பது பெரும்பாடு. எங்களுடையது முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. எதிர்த்து நிற்க அன்ரிக்கு வழியில்லை, தனக்கு உண்டு என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இப்படி யோசித்து வைத்தும் ஒருவர் கோபப்படலாம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.