பாயிண்டு லைனில் கவிதா பேசுறேங்க

விமானக் கம்பெனியின் பாயிண்டு லைனில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியிருக்க வேண்டியதில்லை. நான் ஏறியதில்லை. அடிக்கடி பறக்கிறவர்களுக்குக் கம்பெனி பாயிண்டு கொடுக்கும். போதுமான அளவு சேர்ந்தால் ஒரு டிக்கெட் இலவசம். சேர்வதற்குள் விதியை மாற்றிவிடும். "உங்கள் பாயிண்டுகள் ஏழு நாளில் காலாவதி", "இன்று மட்டும் இரட்டை போனஸ்" என்று உங்கள் போனுக்கும் மெசேஜ் வந்திருக்கும். எரிச்சலோடு அந்த நம்பரைக் கூப்பிட்டு, தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்திருப்பீர்கள். அந்தப் பாட்டு நிற்கிற இடத்தில் இருப்பவள் நான்தான். ஆபீஸ் பெங்களூரில் இருக்கிறது. நான் இருப்பது தருமபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில், எங்கள் வீட்டு மாடி அறையில். கீழே என் வீட்டுக்காரர் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறார். நீங்கள் காத்திருந்து பட்ட பாட்டை நானும் இந்தப் பக்கத்தில் இருந்து பட்டிருக்கிறேன் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

தக்காளி மண்டிக்காரர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பேசியவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். விவசாயிகள் குழுவோடு ஒரே ஒரு தடவை டெல்லி போய் வந்திருக்கிறார். அதில் கிடைத்த அறுநூற்றுச் சொச்சம் பாயிண்டு காலாவதியாகப் போகிறது என்று மெசேஜ் வந்திருக்கிறது. "அதுக்கு என்ன கெடைக்கும்?" என்றார். ஒன்றும் கிடைக்காது. ஒரு காபிக் கப் வாங்கவே ஆயிரம் வேண்டும். ஆனால் 'கிடைக்காது' என்ற வார்த்தையை நாங்கள் சொல்லக் கூடாது. "இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஒரு கப் பெறலாம் சார்" என்றேன். "கப்பு வாங்க மறுபடியும் டெல்லி போவணுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்ததில் வாய் தவறி, "வேணாங்க, வூட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டேன்.

புகார் எழுதப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தபோது, "நீ எந்த ஊரும்மா?" என்றார். எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லவும் எங்களுக்கு அனுமதி இல்லை. அதை மரியாதையாகச் சொன்னேன்.

"சொல்லாட்டிப் பரவால்ல கண்ணு. வூடுன்னு சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு, நீ நம்ம பக்கத்துப் புள்ளதான். இங்க வந்தா ஒரு பொட்டி தக்காளி எடுத்துக்கிட்டுப் போ. அதுக்குப் பாயிண்டெல்லாம் வேணாம்."

நாற்பத்தொரு தடவை பறந்தவர்

ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். தங்க அட்டை உறுப்பினர். முன்பெல்லாம் வருஷத்துக்கு எத்தனை தடவை பறந்தார் என்று பார்த்து அட்டை கொடுப்பார்கள். அதை மாற்றி, எவ்வளவு செலவழித்தார் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். இவர் நாற்பத்தொரு தடவை பறந்தவர்தான், ஆனால் எல்லாமே மலிவு டிக்கெட். தங்கம் வெள்ளியாகிவிட்டது. அதற்கு இருபது நிமிஷம் என்னைத் திட்டினார். "சிக்கனமா இருந்தது தப்பாம்மா? சொல்லு, தப்பா?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரத்தில் புகுந்தேன். பழைய தங்க அட்டைக்காரர்கள் மாதக் கடைசிக்குள் கேட்டால், ஒரு வருஷம் நீட்டித்துத் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள். கேட்கலாம் என்பதை யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. "கேளுங்க சார்" என்றேன். "என்னத்தக் கேக்கறது?" "நீட்டிச்சுக் குடுங்கன்னு கேளுங்க." கேட்டார். ஒரு பட்டனை அழுத்தினேன். தங்கம் திரும்பி வந்தது.

"இதை மொதல் நிமிஷமே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார். "நீங்க எங்க சார் விட்டீங்க?" என்றேன்.

"அதுவும் சரிதான். திட்டினதுல பாதியத் திருப்பி எடுத்துக்கறேன். மீதி உங்க கம்பெனிக்கு, அத அங்க சேத்துடு."

பேர் சேர்த்தல்

பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவுக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்பது ரொம்ப நாளாகக் குழப்பம். துணி காயப் போடும்போது மாடி ஜன்னல் வழியாக என் பேச்சு அரைகுறையாக அவர் காதில் விழும். ஒருநாள் குடும்பக் கணக்கு என்ற புதுத் திட்டத்தை ஒரு வாடிக்கையாளருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பத்தில் எட்டுப் பேர்வரை பாயிண்டை ஒரே கணக்கில் சேர்க்கலாம், ஆதார் நகல் போதும் என்று சொன்னதை அக்கா கேட்டுவிட்டார். சாயங்காலம் வேலை முடிந்து கீழே இறங்கினால், கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு நிற்கிறார். உள்ளே ஏழு ஆதார் நகல்.

இது விமானத்தில் போகிறவர்களுக்கு மட்டும் என்று விளக்கினேன். அக்கா முகம் வாடவில்லை. கவரை என் கையிலேயே திணித்தார்.

"இருக்கட்டும் கவிதா, நீயே வெச்சிரு. என்னிக்காச்சும் பஸ்ஸுல போறவங்களுக்கும் வுடுவாங்க. அன்னிக்கு எங்க பேரு மொதல்ல இருக்கணும்."

மஸ்கட்டிலிருந்து மல்லிகா

மல்லிகா மஸ்கட்டில் நர்ஸ். ஊர் சித்தேரி மலை. அப்பா அம்மா அங்கே சாமை விதைக்கிறவர்கள். மல்லிகாவுக்கு ஏழாவது மாதம், தலைப்பிரசவம். கணவருக்கு லீவு கிடைக்காது. அம்மாவை அழைத்துக்கொள்ளலாம் என்றால், பக்கத்து டவுனான அரூரைத் தாண்டாத அம்மா, அப்பா இல்லாமல் கிளம்ப மாட்டார். ஆறு வருஷமாகச் சேர்த்த பாயிண்டு ஒரு டிக்கெட்டுக்குப் போதும், இரண்டாவதுக்குப் பாதிதான் தேறும். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புதுக் கணக்கு. அதன்பிறகு அந்த ஒரு டிக்கெட்டுக்கே போதாது. அந்த நேரம் பார்த்து அவள் போனுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது: பாயிண்டை விலைக்கு வாங்கினால் இன்று மட்டும் இரட்டை போனஸ். "வாங்கட்டுமாக்கா?" என்றாள்.

நான் முதலில் சொன்னது எழுதிக் கொடுத்திருந்த வரியைத்தான். "இது நல்ல வாய்ப்பு மேடம்." அவள் யாரிடமோ மெதுவாக, "தொட்டிலுக்கு வெச்சிருக்கறத எடுத்தா சரியா வரும்" என்று சொல்வது கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, அதே விமானத்தில் சாதாரண டிக்கெட் விலையைப் பார்த்தேன். போனஸோடு பாயிண்டு வாங்குவதைவிட, டிக்கெட்டையே வாங்குவது மலிவு. "வாங்காதீங்க" என்றேன். ஒரு டிக்கெட்டைப் பாயிண்டில் இன்றைக்கே போட்டுவிடுங்கள், இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள், தொட்டிலில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் போட்டுக் கொடுத்தேன். பதிவாகிற சத்தம் வந்ததும் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஆறு வருஷமா வாரா வாரம் எதையாவது வாங்கு வாங்குன்னு மெசேஜ் வருதுக்கா. வாங்காதன்னு உங்க கம்பெனி சொன்னது இதான் மொதத் தடவ."

ரெக்கார்டிங்

அவள் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அதைச் சொன்னது கம்பெனி இல்லை, நான். எங்கள் பேச்செல்லாம் பதிவாகும். வாரத்துக்குச் சிலவற்றை எடுத்துக் கேட்பார்கள். அந்த வாரம் எடுத்ததில் மல்லிகாவோடு பேசியதும் இருந்தது. பெங்களூரிலிருந்து மேலாளர் பிரகாஷ் சார், வெள்ளிக்கிழமை வீடியோவில் வரச் சொல்லி ஒரு வரி அனுப்பியிருந்தார். அதற்கு மூன்று நாள் இருந்தது. என் சம்பளத்தில்தான் மகள் காலேஜ் போகிறாள். "போனாப் போவுது, கடைக்கு ஆள் வேணும்னு நானே நெனச்சிட்டிருந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்து எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை பிரகாஷ் சார் 'வாங்காதீங்க' வரைக்கும் ஓடவிட்டு நிறுத்தினார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். "இப்படிச் சொல்லலாமா?" என்றார். "சொல்லக் கூடாதுங்க சார்." "தெரிஞ்சும் ஏன் சொன்னீங்க?" "அவங்க தொட்டில் காசை எடுக்கப் பார்த்தாங்க சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கவிதா, இந்த போன் காலுக்கு நான் மார்க் போட முடியாது, இந்த மாச ஊக்கத்தொகையும் வராது. வேலை எங்கயும் போகல, பயப்படாதீங்க. எங்கம்மா என்னிக்காவது இந்த நம்பருக்குப் போன் பண்ணினா, அவங்க லைன் உங்களுக்கே வரணும், அவ்வளவுதான்."

பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து

ஆறு வாரம் கழித்து, ஒருநாள் காலை பதினோரு மணி. தமிழ் லைனில் நாங்கள் நாலே பேர். கூட வேலை பார்க்கும் ஜெயந்தி, "உன் பேரைச் சொல்லித்தான் கேக்கறாரு" என்று ஒரு அழைப்பை என் லைனுக்குத் தள்ளினாள். மல்லிகாவின் அப்பா. ஏர்போர்ட்டில் யாரோ ஒரு பயணியிடம் போன் வாங்கிப் பேசினார். விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வரிசையில் நிற்காமல் ஓரமாக நிற்கிறார்களாம்.

"என் சீட்டுல காசு போட்டிருக்குங்க. எங்கூட்டுக்காரி சீட்டுல டிக்கெட் காசுன்னு இருக்கற எடத்துல சைபர் போட்டிருக்குது. சைபர் சீட்டுக்கு ஏத்துவாங்களா?" என்றார். ஏற்றுவார்கள், அது மகள் சேர்த்த பாயிண்டில் எடுத்தது, வரிகூடக் கட்டியாகிவிட்டது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒண்ணு பண்ணுங்க. அந்த சைபரை எம்பேருக்கு மாத்திடுங்க. எறக்கி வுட்டாலும் நான் எறங்கிக்கறேன். புள்ளகிட்ட அவ போய்ச் சேரணும்" என்றார். பேர் மாற்ற வழியில்லை. ஒருத்தரையும் இறக்கிவிட மாட்டார்கள், உங்கள் இரண்டு பேர் உட்காரும் இடமும் ஒட்டி ஒட்டி இருக்கிறது, ஜன்னலோரம் அம்மாவுக்கு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். போனைக் கொடுத்த பயணியிடமும் பேசி, கவுன்டர்வரை கூடப் போகச் சொன்னேன். அவர் போனார். லைனை வெட்டாமலே போனார்கள். கவுன்டர்ப் பெண் இரண்டு பாஸ் அடித்துக் கொடுக்கும் சத்தம்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். விதிப்படி ஒரு அழைப்புக்கு ஆறு நிமிஷம். அன்று முப்பத்தொன்று ஓடியது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகாவுக்குப் பெண் குழந்தை. பத்து நாள் கழித்து, கருத்துச் சொல்லும் படிவத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். பிரகாஷ் சார் அதை எல்லோருக்கும் அனுப்பினார். ஏர்போர்ட்டிலிருந்து பேசிய அன்றைக்கு, லைனை வைக்கும் முன் அந்தப் பெரியவர் கடைசியாகச் சொன்னது இது:

"குடுத்துட்டாங்க கண்ணு, ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது. இருந்தாலும் அவள மொதல்ல ஏத்தி வுட்டுட்டுத்தான் நான் ஏறுவேன்."

கம்பெனி எத்தனையோ பேருக்குக் கொடுத்த பாயிண்டையெல்லாம் தேதி போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, இந்த மாடி அறையில் எனக்குச் சேர்ந்ததைப் பற்றி மட்டும் அதற்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது.