மாஸு அம்மா சிரித்த மாத்திரைகள்

சிறுநீரக மருந்தாய்வின் மூன்றாம் மாதப் பரிசோதனையன்று சுவா தியாம்-சிங், ஆய்வுச் செவிலியான என் மேசையில் மாத்திரை டப்பாவை வைத்தார்.

"பெரியப்பா, இது ஓங் மாமா டப்பா. நம்பர் வேற."

"ரெண்டு பேருதுந்தான். கலந்துட்டோம்."

"எதை?"

"மாத்திரையத்தான். ஒருத்தனுக்கு வைட்டமின் டி, இன்னொருத்தனுக்கு வெறும் மாவுன்னு சொன்னீங்கல்ல? ஓங் என்கூடப் படிச்சவன். அவன் மாவு திங்க, நான் மருந்து திங்கவா?"

"யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது."

"பின்ன யாருக்குத் தெரியும்?"

"தைபேயில ஒரு கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டருக்குத் தெரியுது, கடல்தாய் மாஸு அம்மாவுக்குத் தெரியாதா? கோயில்ல போய்ப் பிறைக்கட்டை ரெண்டையும் போட்டுக் குறி கேட்டோம். என் டப்பாவக் காட்டினேன். ரெண்டு கட்டையும் மல்லாந்து விழுந்துச்சு. அப்படின்னா அம்மா சிரிக்கிறாங்கன்னு அர்த்தம். அவன் டப்பாவக் காட்டினான். அதுக்கும் சிரிப்பு. மூணு தடவை! சரின்னு தட்டுல கொட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம்."

"ரெண்டுமே மாவா இருக்கலாம், பெரியப்பா."

"அதான் சிரிச்சிருக்காங்க!"

அவர் ஹொக்கியன் மொழியில் சொன்னதை மாண்டரினில் படிவத்தில் எழுத வேண்டும். 'விதிமீறல்: தெய்வத்திடம் ஆலோசனை' என்று எழுதினேன். டாக்டர் இரண்டு முறை படித்தார். "மூணாவது தடவையும் சிரிச்சாங்களாமா?" என்று கேட்டுவிட்டு, இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினார். சிறுநீரகம் கெடுவதை வைட்டமின் டி தாமதப்படுத்துமா என்பது எங்களுக்கே தெரியாது. அதற்குத்தான் அந்த ஆய்வு.

சுவா பெரியப்பா பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக மாஸு அம்மாவின் பல்லக்குக்கு முன்னால் சேகண்டி அடித்துக்கொண்டு நடக்கும் தூதர். சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாத வெயிலில், தூதருக்குரிய ஆட்டுத்தோல் கோட்டை உள்வெளியாகப் போட்டு, ஒரு கால்சட்டையை மட்டும் முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு ஒன்பது நாள் நடப்பார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார வேண்டி வந்தால் அந்த நடை போய்விடும். தூதர் இடத்துக்குக் காத்திருந்த அவருடைய மச்சான் ஏற்கெனவே ஒரு கோட்டு வாங்கி, தோளைப் பிரித்துத் தைத்தும் வைத்திருந்தான்.

மாத்திரை நின்றதும் பெரியப்பா வெயிலை நம்பினார். கோட்டோடுதான் பழக வேண்டும் என்று, மாடியில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலை வெயிலுக்கு நீட்டி உட்காருவாராம்.

"ஏம்மா, ஒரு கால்லதான் வெயில் படுது. ஒரு பக்க கிட்னி மட்டுந்தான் தேறுமா?"

"வைட்டமின் ரத்தத்தோட போய்டும், பெரியப்பா. பக்கம் பார்க்காது."

"ஓங்கை விட நேர்மையாப் பங்கு போடும் போல!"

சிறுநீரகத்தின் வேலைத்திறன் பத்தொன்பது சதவீதத்திலிருந்து பதினேழானது. பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸுக்குக் கையில் ரத்தக்குழாயைத் தயார் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அடுத்த ரத்தப் பரிசோதனை, நடையின் ஐந்தாம் நாளில் வந்தது. தேதியைத் தள்ளிப்போட டாக்டர் மறுத்தார். நடையைத் தள்ளிப்போடப் பெரியப்பா மறுத்தார்.

டாக்டர் மறுத்த அன்று மாலையே அவர் மருத்துவமனைப் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"நீயே ஊசியக் கொண்டு வந்துடும்மா. அஞ்சாம் நாள் மத்தியானம் கரும்பு ரயில் பாலத்துக்கிட்ட நிப்பேன். மச்சான் பின்னாலயே வருவான். அவன் பார்க்காம கோட்டு மறைவுல கைய நீட்டுறேன், ரத்தம் எடுத்துக்க. ஆனா நம்பர் என்ன வந்தாலும், அம்மா கோயில் திரும்புற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. எனக்கும் சொல்லாத."