யாரோ சொன்னாங்களாம்

கஸ்தூரி அக்கா போய்விட்டார்... எங்கள் பேக்கிங் செக்‌ஷன் கஸ்தூரி அக்கா. நேற்று சேரப்பணஞ்சேரியில் எடுத்தார்கள்.

வயது நாற்பத்து நாலுதான். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது, பஸ்ஸும் வேறு. ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை.

ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், கம்பெனி பஸ்ஸில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஏ திருநெல்வேலி, இங்க வா, எடம் கீது" என்று கூப்பிட்டவர். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். மூணு பேர் சீட்டில் அக்காவுக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டும், மிச்சத்தில் நான். ஆறு வருஷம் அப்படியே போனோம்.

எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. அக்காவுக்கு முட்டி போனது, சுகர் ஏறியது. போன வருஷம் உடம்பு குறைக்கிற ஆபரேஷனுக்குத் தேதி வாங்கினார். அதற்கு முன்னால் ரெண்டு வாரம் வெறும் புரோட்டீன் பவுடர்தான் சாப்பாடு.

"லிவர் சுருங்கணுமாம்டி. இல்லாங்காட்டி உள்ள வேலை செய்ய முடியாதாம்."

புதன்கிழமை கேன்டீனில் பிரியாணி. அக்கா எதிரே உட்கார்ந்து ஷேக்கரைக் குலுக்குகிறார். "பீஸு பெருசா கீதா? காரம் எப்டி? சொல்லிக்கினே துன்னுடி." நான் கமென்டரி கொடுக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு பவுடரைக் குடித்தார். சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ரெண்டு வாரமும் ஒரு பருக்கை தொடவில்லை. அப்படி ஒரு வைராக்கியம்.

ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் ஸ்டோரில் புது யூனிஃபார்ம் கொடுத்தார்கள். காலரைத் திருப்பித் திருப்பி எல்லோரிடமும் காட்டினார். "பாரு, மீடியம்னு போட்டுக்கீது!"

லாக்கரில் ஒரு மாத்திரை டப்பா வைத்திருப்பார். கிழமைக்கு ஒரு அறை. டீ பெல் அடித்தால் கால்சியம், சாப்பாட்டு பெல் அடித்தால் வைட்டமின்.

"ஆயுசுக்கும் போடணுமாம். வயிறு சின்னதாய்ட்ச்சி இல்ல, துன்றதுல சத்து ஒட்டாதாம். உள்ள போன் எட்த்துனு வர வுட மாட்டாங்க, பெல் அட்ச்சா நீதான் ஞாபகப்படுத்தணும்."

அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் லாக்கர் பக்கம் நாலைந்து பேர் நின்றோம். ஆள் கூடினால் யாரையாவது ஓட்டிச் சிரிக்க வைக்க வேண்டும் எனக்கு. அது ஒரு வியாதி.

"ஏக்கா, இன்னுமா சத்து மாத்திரை? அதைப் போட்டா உடம்பு போடும்லா! எங்க ஊர்ல ஒல்லிப் பிள்ளையளுக்குத்தான் வாங்கிக் கொடுப்பாவ. திரும்பப் பழைய சைஸுக்கு வரப் போறியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார்.

"மெய்யாலுமாடி?"

"பின்ன?" என்றேன்.

சும்மா சொன்னேன்க்கா, போடுங்க... இந்த மூணு வார்த்தை வரவில்லை என் வாயில்.

அடுத்த வாரம் டப்பாவைக் காணோம். பெல் அடித்தது, நான் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் போட்டுக்கொள்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அக்கா ரொம்பவே இளைத்தார். சாப்பிட்டது நிற்காமல் வாந்தி எடுத்தார். நான் அதற்கும், "ஹீரோயின் கணக்கா ஆயிட்டியளே!" என்றேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காலு மதமதன்னு கீதுடி" என்றார். புது ஷூ அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். பாவி நான்.

நேற்று வீட்டு வாசலில் அவர் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணன், வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உடம்புல வைட்டமினே இல்லன்னுட்டாரு டாக்டரு. ஏன்மா மாத்திரைய வுட்டன்னு கேட்டாரு. யாரோ சொன்னாங்க, அத்தப் போட்டா உடம்பு போடுமாம்னு இவ சொன்னா. யாரு, யாருன்னு நானும் எவ்ளோவோ கேட்டேன். கடசி வரைக்கும் பேரச் சொல்லலமா."

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். வாங்கிப் போன மாலை இன்னும் கையிலேயே இருந்தது. லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசுகிற வாய், நேற்று திறக்கவில்லை.

அக்காவுக்கு நான் யார் என்று தெரியும். பேர் தெரியும், ஊர் தெரியும். ஆனாலும் 'யாரோ' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்...

அண்ணே, இது உங்கள் கண்ணில் படும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த யாரோ நான்தான், அக்காவின் திருநெல்வேலி.

போய் வாங்கக்கா... பேரை நானே சொல்லிட்டேன்.