குதிரைக்காரன் மகள் அக்கரை ஏறிய கதை

எங்கள் வீட்டில் கார் இல்லை. ஆனால் கார் ஷெட் இருந்தது. என்றாவது வாங்குவோம் என்று அப்பா கட்டிப் போட்டது. தோவாளையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் அதில் பூ வந்து உட்கார்ந்துவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிச்சியும் அரளியும் கூடை கூடையாக வந்திறங்கும். அப்பாவின் தங்கையான என் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரும் ஈரச் சாக்கைச் சுற்றி உட்கார்ந்து கட்டத் தொடங்குவார்கள். ஆரல்வாய்மொழிக் காற்று மேலே தகரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு ஒன்பது வயது. அந்த வாசனையில் பாதி உறங்கி, மீதி விழிப்பில் கதை கேட்பேன்.

கதை சொல்வது அத்தை. அவள் எப்போதோ வாசித்த ஒரு பழைய சரித்திர நாவல் அது. புத்தகம் வேண்டாம், எல்லாம் நாக்கில் இருந்தது. நனைத்து வைத்த வாழைநார்க் கட்டு ஒன்று தீரும்வரை ஓர் அத்தியாயம். கடைசி அத்தியாயம் முடிந்தால் மறுநாள் மறுபடி முதலிலிருந்து. இப்படி எத்தனை முறை கேட்டேனோ தெரியாது.

அதில் ஒரு குதிரைக்காரன் மகள் வருவாள். மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ராஜகுமாரன் கப்பல் ஏறுவான். வரமாட்டான். அடுத்த மழைக்கும் வரமாட்டான். ஒருநாள் அவள் தன் கறுப்புக் குதிரையை வெள்ளம் புரளும் ஆற்றில் இறக்குவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். குதிரை நீந்தி அக்கரை ஏறிவிடும். அங்கே அவள் நாலு லாயம் கட்டிக் குதிரை வியாபாரம் தொடங்குவாள். பிறகு தாடி வளர்ந்த ராஜகுமாரன் குதிரை வாங்க வருவான். விலை படியவில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த இடத்தில் நான் கைதட்டாத நாளில்லை.

அத்தைக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை துபாய்க்குப் போனார், அங்கேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வயதில் துபாய்க்கும் குதிரைக்கும் யார் முடிச்சுப் போடுவார்கள்?

அந்த நாவல் சினிமாவாக வந்தபோது ஷெட்டு மொத்தமும் பஸ் ஏறி நாகர்கோவில் போனது. தலைவலி என்று அத்தை மட்டும் வரவில்லை. சினிமாவில் குதிரைக்காரன் மகள் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போனாள். நான் தியேட்டரிலேயே ஓவென்று அழுதேன்.

மறுநாள் ஷெட்டில் பெரிய பஞ்சாயத்து. அந்த நாலு பேரும் நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள்; சினிமாக்காரனை லேசில் விடுவார்களா?

“ஏட்டி, குதிரை கறுப்புல்லா! இவன் வெள்ளையக் காட்டுகான்.”

“மீசை இல்லாத்த ராசகுமாரன நான் இப்பம்தான் பாக்கேன்.”

நடுவில் புகுந்து, அவளைக் கொன்றுவிட்டார்கள் என்று நான் கத்தினேன். அத்தை பூவிலிருந்து தலையெடுக்கவில்லை. நாலு பேரில் மூத்தவளான பக்கத்து வீட்டுப் பெரியம்மைதான் முந்திக்கொண்டாள். “சினிமாக்காரன் கெடுத்துப் போட்டான் மக்ளே. அவனுக்கு யாரயாவது கொல்லணும்.”

எனக்குச் சமாதானமாயிற்று. பிறகு திருவனந்தபுரத்திலிருந்து மாமா அதே கதையைப் படக்கதைப் புத்தகமாக வாங்கி வந்தார். கடைசிப் படத்தில் ஆற்றின்மேல் ஒரு கடிவாளம் மட்டும் மிதந்தது. சினிமாவைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான் என்று பெரியம்மை சொன்னாள். மற்ற மூவரும் ஆமாம் போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் பள்ளி நூலகத்தில் அசல் நாவலே கிடைத்தது. புதுப் பதிப்பு, அட்டையில் சினிமா நடிகை வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். அதிலும் செத்துப்போனாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சினிமாக்காரர்கள் புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை! அத்தை சொன்னது தப்பாக இருக்கும் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அத்தனை பாசம், அத்தனை முட்டாள்தனம்.

திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமையோடு ஷெட்டுக்கு ஓடி வந்து, நடுவில் நின்று, கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். பெரியம்மை “போதும் மக்ளே” என்றாள். நான் கேட்கவில்லை. வாசிக்கட்டும் என்று அத்தையே சொன்னாள். தண்ணீர் குதிரையின் கழுத்துவரை ஏறியது, பிறகு அவள் கழுத்துவரை. பிறகு ஆறு மட்டும் இருந்தது. முற்றும் என்பதையும் சேர்த்து வாசித்தேன்.

ஐந்து பேர் கையிலும் பூ அப்படியே நின்றது. தகரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. புது நார் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்தபடி அத்தை சொன்னாள்.

“எழுதினவருக்கு அக்கரை தெரியல்ல மக்ளே. குதிரை நீந்திப் போச்சுல்லா.”

பிறகு லாயம் கட்டுவதிலிருந்து மீதிக் கதையைச் சொன்னாள். ராஜகுமாரன் திரும்பிப் போனபோது, என்றைக்கும் இல்லாமல் அன்று எல்லோரும் கைதட்டினார்கள். என் துப்பறியும் வேலைக்குத்தான் அந்தக் கைதட்டல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அம்மா மற்றதைச் சொன்னாள். துபாயிலிருந்து அந்தச் செய்தி வந்த நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் அத்தை ஊர்ச் சானல் வாய்க்காலில் இறங்கியிருக்கிறாள். மழைக்காலம், கரை தொட்டு ஓடிய தண்ணீர். பூ பறிக்கப் போன நாலு பெண்கள் பார்த்துக் குதித்து, இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள்.

அன்று நான் வாசித்து முடிக்கும்வரை பெரியம்மை அத்தையின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன். கட்டிய பூ அவிழ்ந்துவிடாமல் இருக்கத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.